காட்டில் லைன் கிடையாது, ஆனால் கிளாக்-இன் கேட்கிறது: ஒரு சம்பள மென்பொருளோடு 14 மாதம்

மென்பொருளின் பெயரைப் போடப் போவதில்லை. சந்தா இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, வாரத்துக்கு இரண்டு தடவையாவது அவர்களோடு பேச வேண்டியிருக்கிறது, அப்புறம் நான் இங்கே எழுதப்போகும் குறைகளில் பாதிக்கு மேல் இந்த ஊரில் விற்கும் மற்ற எச்ஆர் மென்பொருள்களுக்கும் அப்படியே பொருந்தும். வாங்குவதற்கு முன் நான்கு கம்பெனிகளின் டெமோவை உட்கார்ந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

நான் வேலை செய்வது கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு கடைவீட்டின் இரண்டாவது மாடியில் இருக்கும் சின்ன வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பில். கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, பன்னிரண்டரை மணிக்கு ரசம் கொதிக்கிற வாசனை மேலே வந்துவிட்டால் யாருக்கும் வேலை ஓடாது. மொத்தம் 32 பேர், ஆனால் ஆபீசில் நாற்காலி உள்ளவர்கள் 9 பேர்தான். மற்றவர்கள் பேராக்கில் பேலும்-தெமெங்கோர் காட்டிலும், பகாங்கில் தாமான் நெகாரா தேசியப் பூங்காவின் ஓரத்திலும், இரண்டு பேர் போர்னியோ தீவில் இருக்கும் சபா மாநிலத்தின் கினாபாத்தாங்கான் ஆற்றங்கரையிலும் இருக்கிறார்கள். எச்ஆர் என்றால் நான் ஒருத்திதான். அதற்கு முன் எட்டு வருடம் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் இதே வேலை. அங்கே 600 பேர், இங்கே 32 பேர்தானே என்று நினைத்துத்தான் வந்தேன். தொழிற்சாலையில் 600 பேரும் ஒரே கேட் வழியாக உள்ளே வந்தார்கள் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வந்து பார்த்தால் சம்பளம் முழுக்க ஓர் எக்செல் கோப்பில் ஓடிக்கொண்டிருந்தது. பழைய கணக்காளர் போட்டு வைத்தது. அதில் யாரும் தொடக்கூடாத ஒரு மறைத்த வரிசை இருந்தது, தொட்டால் எல்லோருக்கும் இபிஎஃப் (சேமநிதிப் பிடித்தம்) பூஜ்யம் ஆகிவிடும். ஏன் என்று கேட்க அவரும் இல்லை. அதனால்தான் 2025 ஜனவரியில் இந்த மென்பொருளை வாங்கினோம். ஆளுக்கு மாதம் 9 ரிங்கிட், 32 பேருக்கு 288 ரிங்கிட். கேட்டால் கழிவு தருவார்கள், ஆனால் அது முதல் வருடத்துக்கு மட்டும் என்பதை இன்வாய்சின் கடைசி வரியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், கவனமாகப் படியுங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லது உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. சட்டப்படி பிடிக்க வேண்டிய பிடித்தங்கள் எல்லாம் கச்சிதம். வாங்கிய அடுத்த மாதமே, பிப்ரவரி 1 முதல், குறைந்தபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. அடிப்படைச் சம்பளம் 1,600-ல் இருந்த மூன்று பேரின் பெயர்களை சிவப்பில் காட்டி, இவர்களுக்கு ஏற்றாமல் சம்பள ரன்னை முடிக்க விடமாட்டேன் என்று நிறுத்திவிட்டது. எனக்கே ஞாபகம் இருந்ததுதான், இருந்தாலும் சந்தோஷமாக இருந்தது. அதற்கு முந்தின அக்டோபரில் சொக்சோ (ஊழியர் சமூகக் காப்புறுதி) பிடிப்பதற்கான சம்பள உச்சவரம்பு 5,000-லிருந்து 6,000 ஆகியிருந்ததும் அட்டவணையில் ஏற்கெனவே சரியாக இருந்தது. 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டு ஊழியர்களுக்கும் இபிஎஃப், இரு தரப்பும் 2 விழுக்காடு என்று வந்தபோது, எங்களிடம் ஒரே ஒரு வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்தான், அவருக்கும் தானாகவே பிடித்தது. இபிஎஃப், சொக்சோ, பிசிபி (மாதாந்திர வருமான வரிப் பிடித்தம்) மூன்றுக்கும் ஏற்றுவதற்கான கோப்பை அதுவே தயாரித்துக் கொடுக்கிறது. முன்பு 15-ஆம் தேதி நெருங்கும்போது இரண்டு நாள் போகும், இப்போது ஒரு தே தாரிக் ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது. இந்தப் பிப்ரவரியில் வருமான வரிக்காக ஊழியர்களுக்குக் கொடுக்கும் ஈஏ பாரங்களும் (ஆண்டுச் சம்பள விவரம்) ஒரே அமுக்கில் வந்தன. இதற்கு மட்டும் என்றால் ஐந்துக்கு ஐந்து.

சரி, இனி காட்டுக்குள் போவோம்.

இந்த மென்பொருளை எழுதியவர்கள் மனதில் ஒரு ஊழியர் இருக்கிறார். அவர் காலை ஒன்பதுக்கு வருவார், செல்பி எடுத்து கிளாக்-இன் (வருகைப் பதிவு) செய்வார், ஜிபிஎஸ் அவர் ஆபீசிலிருந்து நூறு மீட்டருக்குள் இருப்பதைப் பார்த்துத் தலையாட்டும், ஆறுக்குக் கிளம்புவார், சனி ஞாயிறு வீட்டில் இருப்பார். கள்ள வேட்டையைத் தடுக்கக் காட்டைச் சுற்றும் எங்கள் ரோந்துக்காரர் பேராக்கின் புலாவ் பண்டிங் ஜெட்டியில் படகு ஏறினால் திரும்பி வர ஏழெட்டு நாள். அதுவரை போனில் லைன் கிடையாது. முதல் மாதம் எனக்கு வந்த அறிக்கையில் 14 பேர் 'காரணமின்றி வேலைக்கு வரவில்லை', சம்பளம் வெட்டவா என்று கேட்டிருந்தது. காட்டிலிருந்து வெளியே வந்த எங்கள் கள மேற்பார்வையாளருக்குப் போன் செய்தேன். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர், என்னைவிட வயதில் மூத்தவர், ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார், நானும் அவரை அண்ணன் என்பேன், இருவரும் மாற்றிக்கொள்வதாக இல்லை. "அக்கா, யானைச் சாணியைப் படம் எடுத்து நேரம் போட்டு வெச்சிருக்கேன், அதை கிளாக்-இன்னா எடுத்துக்குமா?" என்றார். சிரித்துவிட்டு, 14 பேருக்கும் கையால் திருத்தினேன். ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாக. மொத்தமாகத் திருத்தும் வசதி இருக்கிறது, ஆனால் அது ஒரு படி மேலான பேக்கேஜில்.

சட்டமும் இதில் கலந்திருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம், முன்பு 48. மாதம் 4,000 ரிங்கிட் வரை வாங்குகிறவர்களுக்கு ஓவர்டைம் உண்டு, எங்கள் ரோந்துக்காரர்கள் எல்லோரும் அதற்குள்தான். வார ஓய்வு நாள் மாறி மாறி வருவதென்றால் மாதம் தொடங்கும் முன்பே ரோஸ்டர் போட்டுத் தெரிவிக்க வேண்டும். காட்டில் ஆறு பெருகிவிட்டால் செவ்வாய் வர வேண்டியவர் வியாழன்தான் வருவார். அந்த இரண்டு நாள் என்ன? கூடாரத்தில் மழைச் சத்தம் கேட்டுக்கொண்டு படுத்திருந்தது வேலையா ஓய்வா? நாங்கள் உட்கார்ந்து பேசி, ரோந்தில் இருக்கும் நாள் எல்லாம் வேலை நாள், வந்தபின் அதற்கு ஈடாகத் தொடர்ந்து விடுப்பு, ஓய்வு நாள் மாட்டிக்கொண்டால் சட்டத்தில் உள்ள கணக்குப்படி சம்பளம், என்று எழுதி வைத்துக்கொண்டோம். மென்பொருளுக்கு மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுக்கத் தெரியும். ஈடுவிடுப்பு சேர்ந்துகொண்டே போகலாம் என்பது அதற்குத் தெரியாது, ஐந்து நாளுக்கு மேல் போனால் காலாவதி என்று அழித்துவிடுகிறது. மார்ச்சில் ஒருவருக்கு 11 நாள் அழிந்துபோனது. அவர் கேட்கவேயில்லை, நான்தான் தற்செயலாகப் பார்த்தேன். கேட்காத மனிதர்களின் விடுப்பு அழியும்போது வருகிற எரிச்சல் தனி ரகம்.

பொது விடுமுறை இன்னொரு கூத்து. தைப்பூசம் கோலாலம்பூரிலும் பேராக்கிலும் விடுமுறை, பகாங்கில் கிடையாது. நவம்பர் முதல் வெள்ளி பேராக் சுல்தான் பிறந்தநாள், மே 30, 31 சபாவில் காஅமாத்தான் என்ற அறுவடைத் திருநாள். ஒரு கம்பெனிக்கு ஒரு நாள்காட்டி என்பதுதான் இதன் அடிப்படை பேக்கேஜ். கிளை சேர்த்தால் இன்னொரு நாள்காட்டி தருவார்கள், கிளைக்குக் காசு. எங்களுக்குக் கிளை எங்கே இருக்கிறது, ஒரு ஸ்டோர் ரூமும் ஒரு படகும்தான் இருக்கிறது. 2025 பிப்ரவரி 11 தைப்பூசத்தன்று பகாங் குழுவுக்கு விடுமுறை போட்டுவிட்டது, அவர்கள் அன்று காட்டில் நடந்துகொண்டிருந்தார்கள், பிறகு மூன்று மடங்கு சம்பளம் என்று கணக்கு காட்டியது. அதைவிட, எங்கள் ஆட்களுக்குள் பல வருடமாக ஒரு பழக்கம் உண்டு: ஹரி ராயாவுக்கு மலாய்க்காரர்கள் வீட்டுக்குப் போக அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் காட்டில் இருப்பார்கள், தீபாவளிக்கு அவர்கள் இருப்பார்கள். இந்த மாற்றிக்கொள்ளலை மென்பொருளில் பதிய இடமே இல்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில்தான் இருக்கிறது.

சபா பற்றி ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் இதை விற்பவர்கள் சொல்லவில்லை. தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும் 1955 வேலைச் சட்டம், சபாவுக்கும் சரவாக்குக்கும் தனித்தனி தொழிலாளர் சட்டம். 2025 மே 1-இல் சபா சட்டமும் திருத்தப்பட்டு மகப்பேறு விடுப்பு 98 நாள் என்றெல்லாம் நெருங்கி வந்துவிட்டது, ஆனால் சட்டம் வேறுதான். மென்பொருள் சபாவில் இருக்கும் எங்கள் ஆட்கள் இருவரையும் தீபகற்பத்து ஆட்களாகவே பார்க்கிறது. உங்கள் ஆட்கள் போர்னியோவில் இருந்தால் டெமோவிலேயே இதைக் கேளுங்கள், விற்பனையாளர் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் தொல்லை. அடுத்தது பயம். ஜிபிஎஸ் கிளாக்-இன் வேலை செய்கிற இடங்களில், அதாவது காட்டின் ஓரங்களில் லைன் கிடைக்கும் இடங்களில், யார் எந்த நேரம் எங்கே நின்றார்கள் என்பதை ஒரு வரைபடத்தில் புள்ளி புள்ளியாக வைத்துவிடுகிறது. லைன் இல்லாத இடத்தில் கிளாக்-இன் ஏறாது, ஆனால் போன் இருப்பிடத்தைச் சேமித்து வைத்து, வெளியே வந்ததும் அனுப்பிவிடும். விற்பவர்கள் இதைத்தான் பெரிய வசதியாகக் காட்டினார்கள். நானும் டெமோவில் தலையாட்டினேன், வெட்கமாக இருக்கிறது. இரண்டாவது மாதம் அண்ணன் என் மேசைக்கு வந்து திரையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். காட்டில் மிச்சமிருக்கும் மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு. கண்ணி வைக்கிறவன் புலியைத் தேடி அலைய வேண்டியதே இல்லை, எங்கள் ஆட்கள் எந்த முகட்டுக்கு அடிக்கடி போகிறார்கள், எங்கே கேமரா கட்டியிருக்கிறார்கள், எந்த வாரம் எந்தப் பக்கம் ஆள் இல்லை என்று தெரிந்தால் போதும். அந்தப் படம் என் திரையில், கணக்குப் பிரிவில் மூன்று மாதப் பயிற்சிக்கு வந்த மாணவர் திரையில், அப்புறம் அந்தக் கம்பெனியின் சர்வரில். ரோந்துத் தகவலுக்கென்று நாங்கள் தனியாக வைத்திருக்கும் முறையில் யார் பார்க்கலாம் என்பதற்கு அத்தனை கட்டுப்பாடு, இங்கே சம்பளக் கதவு வழியாக எல்லாம் வெளியே போய்க்கொண்டிருந்தது.

அன்றே வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தேன். எடுத்த தம்பி தமிழ்ப் பையன், என் பெயரைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார், பொறுமையாகக் கேட்டார். "அக்கா, ஒட்டுமொத்தமா ஆஃப் பண்ணலாம், ஆனா அப்போ உங்க ஆபீஸ்காரங்களுக்கும் ஜிபிஎஸ் போயிடும், பரவாயில்லையா?" என்றார். ஒன்பது பேர் ரசம் வாசனைக்குக் கட்டுப்பட்டுத் தாமாகவே வந்துவிடுவார்கள், அணைத்துவிடுங்கள் என்றேன். பழைய புள்ளிகளை அழிக்க மேலிடத்துக்கு எழுதிப்போட்டு ஆறு வாரம் ஆனது, அழித்துவிட்டோம் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. நம்புவதைத் தவிர வழியில்லை. அந்தத் தம்பிக்கு மட்டும் தனியாக ஐந்து நட்சத்திரம். இந்த ஒரு விஷயத்துக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம்: காட்டில் வேலை செய்கிற அமைப்பு எதுவாக இருந்தாலும், வாங்கிய முதல் நாளே, ஒருவரைக்கூட உள்ளே சேர்ப்பதற்கு முன், இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள்.

நன்கொடைக் கணக்குக்கு வருகிறேன். லாபநோக்கற்ற அமைப்பில் சம்பளம் ஒரே பையிலிருந்து வராது. ஒரு ரோந்துக்காரரின் 2,600 ரிங்கிட் சம்பளத்தில் 60 விழுக்காடு புலிக்கென்று வந்த நிதி, 25 யானைக்கு, மீதி 15 எங்கள் பொது நிதி. சம்பளத்தைப் பிரித்தால் போதாது, முதலாளி தரப்பு இபிஎஃப் 338 ரிங்கிட்டையும் 202.80, 84.50, 50.70 என்று பிரித்துக் காட்ட வேண்டும், சொக்சோவும் அப்படியே, அதற்கு ஆதாரமாக எந்த நாள் எந்த வேலை என்ற நேரப் பட்டியலும் வேண்டும். மென்பொருளில் ஒருவருக்கு ஒரு 'பிரிவு' மட்டும்தான். ஆக, சம்பளத்தை இதில் ஓட்டி, கோப்பை இறக்கி, மறுபடியும் எக்செலில் பிரிக்கிறேன். மறைத்த வரிசை இல்லாமல் போட்டிருக்கிறேன் என்பதுதான் முன்னேற்றம். இன்னொரு வேடிக்கை, நிதி தருகிற சிலர் நிர்வாகச் செலவுக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தரமாட்டார்கள், ஆனால் அறிக்கையை மட்டும் பைசா சுத்தமாகக் கேட்பார்கள். அந்தப் பைசா சுத்தத்தைச் செய்கிற ஆளும் மென்பொருளும்தான் அந்த நிர்வாகச் செலவு.

ஓராங் அஸ்லி, அதாவது ஜஹாய், தெமியார் போன்ற பூர்வகுடிச் சகாக்களைச் சேர்க்கும்போது படிவமே தடுக்கிறது. குடும்பப் பெயர் கட்டாயம் என்கிறது. தமிழருக்கே குடும்பப் பெயர் கிடையாது, என் அப்பா பெயரை அங்கே போட்டு 'அன்புள்ள' என்று அவருக்கே சம்பளச் சீட்டு அனுப்புகிறது, ஜஹாய்க்காரருக்கும் தெமியார்காரருக்கும் எங்கே போவது. வங்கிக் கணக்கு கட்டாயம், கணக்கு இருக்கிறது, ஆனால் பணம் எடுக்கப் படகு ஏறி, ஜெட்டியிலிருந்து கிரிக் டவுன் வரை வர வேண்டும். 28-ஆம் தேதி சம்பளம் போட்டால் அவர்கள் காட்டுக்குள் இருப்பார்கள். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் கொடுத்தால் போதும் என்று சட்டம் சொல்கிறது, அதனால் ரோந்து முடிந்து வெளியே வரும் நாளைப் பார்த்துப் போடுகிறோம். இரண்டு சம்பள தேதி வைக்கலாமா என்று கேட்டேன், வைக்கலாம், அது நன்றாகவே வேலை செய்கிறது. பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன்.

ஆளெடுக்கும் பகுதியைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டேன். எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) இல்லாத விண்ணப்பத்தைத் தானாகவே தள்ளிவிடுகிறது. ஈர மண்ணில் ஒரு தடத்தைப் பார்த்து, நேற்று ராத்திரி போயிருக்கிறது, கூட ஒரு குட்டியும் இருக்கிறது என்று சொல்கிறவரை அது தள்ளிவிட்டது.

மதிப்பீட்டுப் பகுதிதான் எனக்கு ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தது. ஒவ்வொருவருக்கும் கேபிஐ, அதாவது செயல்திறனை அளக்கும் இலக்கு, போட வேண்டும், எண்ணாக இருக்க வேண்டும், காலாண்டுக்குக் காலாண்டு ஏற வேண்டும். எங்கள் இயக்குநர் குழுவில் ஒருவர், நல்ல மனிதர், கார்ப்பரேட்டில் இருந்தவர், எத்தனை கண்ணி அகற்றினார்கள் என்பதைப் போடுங்களேன் என்றார். போட்டோம். முதல் காலாண்டு நிறைய அகற்றினார்கள், பச்சை. இரண்டாவதில் குறைந்தது, மஞ்சள். மூன்றாவதில் இரண்டே இரண்டு, சிவப்பு, 'செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம் பரிந்துரைக்கப்படுகிறது'. அந்தப் பள்ளத்தாக்கில் மாதக்கணக்காக விடாமல் நடந்ததால் கண்ணி வைக்க ஆள் வரவில்லை, அதற்குப் பரிசு சிவப்பு. எண்ணிக்கையை ஏற்ற வேண்டுமானால் நானே போய்க் கண்ணி வைத்துவிட்டு எடுக்கட்டுமா என்று அண்ணன் கேட்டது விளையாட்டுக்குத்தான். ஆனாலும் அந்தக் கேபிஐயை அன்றோடு எடுத்தோம். இப்போது நடந்த தூரம், ரோந்து நாட்கள், அறிக்கை நேரத்துக்கு வந்ததா என்பது மட்டும், அதுவும் ஏற வேண்டியதில்லை, அளவோடு நின்றால் போதும் என்று. மென்பொருள் 'இலக்கு உயரவில்லை' என்று இன்னும் முணுமுணுக்கிறது.

ஒரு விபத்து நடந்தது. ஆற்றுப் பாறையில் வழுக்கி ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்தது. வேலையில் விபத்து என்றால் சொக்சோவுக்கு 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். செயற்கைக்கோள் கருவியில் இரண்டு வரி வந்தது, அதை வைத்து நான் வேலையை ஆரம்பித்தேன். மென்பொருளின் விபத்துப் படிவம் அடிபட்டவரே உள்நுழைந்து நிரப்பினால்தான் திறக்கும். உடைந்த கையோடு, லைன் இல்லாத இடத்தில். அதை விட்டுவிட்டு நேரடியாக சொக்சோவுக்கே கொடுத்தேன், நேரத்துக்குள் போனது. நாள்கூலிக்கு வருகிறவர்களையும் சொக்சோவில் சேர்த்து வைத்திருக்கிறோம், பாறைக்கு ஒப்பந்தம் என்ன வகை என்று தெரியாது. கை இப்போது சரியாகிவிட்டது, மனிதர் மறுபடியும் ரோந்துக்குப் போகிறார்.

ஐந்துக்கு மூன்று என்று போடுகிறேன். சம்பளத்துக்கு மட்டும் என்றால் தயங்காமல் வாங்குங்கள். வருகைப் பதிவுக்கும் மதிப்பீட்டுக்கும் காசு கட்டாதீர்கள், அடிப்படை பேக்கேஜ் போதும், மீதியை ஒரு ரோஸ்டர் அட்டையும் நோட்டும் பார்த்துக்கொள்ளும். விலகுவதாக இருந்தால் பழைய பதிவுகளை முழுசாக இறக்கித் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், ஊழியர் பதிவேடுகளை ஆறு வருடம் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

பினாங்கில் இலைக்குரங்குகளுக்காக வேலை செய்கிற ஒரு தோழி, ஏழு பேர்தான், வாங்கலாமா என்று போன வாரம் கேட்டாள். குறைந்தது பத்து பேருக்குக் காசு வாங்குவார்கள், உங்கள் ஏழு பேரும் தினமும் வீட்டுக்கு வந்து சேருகிறவர்கள், எக்செலே போதும், வேண்டுமானால் என்னுடையதை அனுப்புகிறேன் என்றேன். அனுப்பிவிட்டேன். மறைத்த வரிசை எதுவும் இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான்.